கேள்வி - பதில்: பண்டி இறைச்சிக்கு எந்தக் கஸ்டம்ஸ் நம்பர்?

இந்த முறை வந்த கேள்வியளில கனக்க ஒரே விசயத்தைச் சுத்தித்தான் கிடக்கு. ஹாம், பேக்கன், சொசேஜ், ரின் இறைச்சி, இதுகளுக்குக் கஸ்டம்ஸில என்ன நம்பர் போடுறது, ஏன் ஒரே பண்டி இறைச்சிக்கு இத்தனை நம்பர் எண்டு. வன்னிக்குள்ள இருந்து இப்பிடிக் கேள்வி வாறது எனக்கு உண்மையிலேயே சந்தோசம், ஏனெண்டால் எங்கட ஆக்கள் கடை போட்டு, பண்ணை போட்டு, வெளியில இருந்து நேரா சாமான் எடுக்கிற அளவுக்கு வந்திட்டினம், இனி இந்த நம்பர் விசயத்தைக் கொழும்பு ஏஜென்ற் சொல்லுறதை மட்டும் கேட்டுக்கொண்டு இருக்கேலாது. அதால இந்த இதழ் முழுக்க இதுக்கே விட்டிட்டன்.

கிளிநொச்சி கடைக்காரர் ஒருவர்: நத்தாருக்கு ஹாம், பேக்கன், சொசேஜ், லஞ்சன் மீற் எல்லாம் நேரா இறக்குவம் எண்டு யோசிக்கிறன் அண்ணை. கிளியரிங் ஏஜென்ற் சொல்லுறார் எல்லாத்தையும் "பதப்படுத்திய பண்டி இறைச்சி" எண்டு ஒரே நம்பரில போடலாம், ஒரு பிரச்சினையும் வராது எண்டு. போடலாமோ?

போடேலாது தம்பி. நீங்கள் சொன்ன நாலு சாமானும் ரெண்டு மூண்டு ஹெடிங்குக்குள்ள, அதாவது நம்பரின்ர முதல் நாலு இலக்கத்துக்குள்ள, பிரிஞ்சு போகும், ஒரே நம்பரில போட்டால் அது பிழையான பிரகடனம், பிடிபட்டால் இன்வொய்ஸில உங்கட பேர்தான் இருக்கும், ஏஜென்ற்றின்ர பேர் இல்லை.

முதல் அடிப்படையைச் சொல்லுறன். எச்.எஸ். எண்டு சொல்லுற இந்த நம்பர் முறையை நடத்திறது பிரசல்ஸில இருக்கிற உலக சுங்க அமைப்பு, 1988 ஜனவரி 1 இல இருந்து நடைமுறையில இருக்கு. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒண்டுதான், அதுக்குப் பிறகு வாற ரெண்டு இலக்கம் இலங்கை தன்ர தேவைக்குப் போட்டுக்கொண்டது, அதால எங்கட கோட் எட்டு இலக்கம். நான் இதில ஆறு இலக்கம் வரைக்கும் சொல்லுறன், மிச்ச ரெண்டை அந்த நேரத்தில நடைமுறையில இருக்கிற ரரிஃப் அட்டவணையில பாருங்கோ.

பண்டி இறைச்சி முக்கியமா ரெண்டு சாப்டரில கிடக்கு, சாப்டர் எண்டால் நம்பரின்ர முதல் ரெண்டு இலக்கம். ரெண்டாம் சாப்டர் இறைச்சியை இறைச்சியாவே வச்சிருக்கிற இடம். பச்சையா, குளிரூட்டி, உறைய வச்சு வந்தால் 0203. உப்புப் போட்டு, உப்புத்தண்ணியில ஊற வச்சு, காய வச்சு, புகை காட்டி வந்தால் 0210. வெட்டினாலும் அரைச்சாலும் அது இந்தச் சாப்டருக்குள்ளதான் நிக்கும், பப்பாசிப் பால் மாதிரி நொதியம் போட்டு மெதுவாக்கினாலும் நிக்கும், கொதிதண்ணியில சும்மா வாட்டி எடுத்தாலும் நிக்கும். ஆனா அவிச்சாலோ பொரிச்சாலோ சுட்டாலோ, மிளகும் உப்பும் எண்டு சுவைச்சரக்குப் பூசினாலோ, ரஸ்க் தூள் பிரட்டினாலோ, அரைச்சு வேற சாமானோட கலந்து குடலுக்குள்ள அடைச்சாலோ, அது பதினாறாம் சாப்டருக்குப் போயிடும். பதினாறாம் சாப்டரின்ர முதல் குறிப்பே இதைத்தான் சொல்லுது, ரெண்டாம் சாப்டரில சொன்ன முறையளால மட்டும் பதப்படுத்தின இறைச்சி இங்க வராது எண்டு. ஆக, லேபிளில என்ன பேர் கிடந்தாலும் முதல் கேக்க வேண்டியது ஒண்டுதான், இந்த இறைச்சிக்கு என்ன நடந்திருக்கு?

இப்ப உங்கட சாமானுக்கு வருவம்.

ஹாமில தான் கனபேர் தடுமாறுறது. எலும்போட உப்புப் போட்டு மாசக்கணக்கா காய வச்ச பச்சை ஹாம், அதாவது இத்தாலி, ஸ்பெயினில இருந்து முழுக்காலா வாற சாமான், 0210.11. அதையே எலும்பெடுத்துப் பச்சையாவே பதப்படுத்தினது 0210.19. ஆனா எங்கட கடையளில சான்ட்விச்சுக்கு வெட்டி விக்கிற மெல்லிய ரோசா நிற ஹாம் அவிச்சது, அது 1602.41. இதில இன்னொரு சங்கதி, ஹாம் எண்டால் பின்கால். பிக்னிக் ஹாம் எண்டு லேபிளில போட்டு வாறது முன்காலும் தோளும் சேர்ந்த பகுதி, அவிச்சு வந்தால் அது 1602.42, பேரில ஹாம் இருக்கு எண்டு 41 இல போடக்கூடாது.

பேக்கன் வயிற்றுப் பக்கத்துச் சதை எண்டால், உப்புப் போட்டுப் புகை காட்டிப் பச்சையா வந்தால், 0210.12. முதுகுப் பக்கத்துப் பேக்கன் எண்டால் 0210.19. மைக்ரோவேவில சூடாக்கிச் சாப்பிடுற மாதிரி முதலே சமைச்ச பேக்கன் 1602.49. ரின்னுக்குள்ள அடைச்ச பேக்கனும் பெரும்பாலும் 1602 தான்.

சொசேஜ் சுகம், பச்சையோ அவிச்சதோ புகை காட்டினதோ, குடலுக்குள்ள இருந்தாலும் தோலை உரிச்சு விட்டிருந்தாலும் எல்லாம் 1601. லஞ்சன் மீற், அரைச்ச பண்டி இறைச்சியோட உப்பு, மா எல்லாம் கலந்து ரின்னுக்குள்ளயே வேக வச்சது, 1602.49. அதில பண்டியை விடக் கோழி கூட எண்டால் 1602.32 க்குப் போகும், அதால ரின்னைத் திருப்பி சேர்மானப் பட்டியலைக் கட்டாயம் வாசியுங்கோ, ஒரே கொம்பனியின்ர ஒரே மாதிரி ரின்னில ஒண்டு பண்டி மட்டும், மற்றது கோழியும் பண்டியும் கலந்தது எண்டு வாறது சாதாரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஓடர் குடுக்க முதலே விக்கிற ஆளிட்ட ஒவ்வொரு சாமானுக்கும் தயாரிப்பு முறைத் தாள் ஒண்டு கேளுங்கோ. அதில எந்தப் பகுதி இறைச்சி, எலும்பு இருக்கோ, என்ன என்ன சேர்த்தது எத்தனை வீதம், சமைச்சதோ, சமைச்சதெண்டால் நடுவில எத்தனை பாகை வெப்பம் வரைக்கும் போனது எண்டு இருக்க வேணும். பக்கற்றில "சமைச்சுச் சாப்பிடவும்" எண்டு கிடந்தால் பெரும்பாலும் பச்சை, "அப்பிடியே சாப்பிடலாம்" எண்டு கிடந்தால் சமைச்சதாவும் இருக்கலாம், காய வச்ச பச்சை ஹாமாவும் இருக்கலாம், ஏனெண்டால் அதையும் அப்பிடியே சாப்பிடுறது. அதாலதான் லேபிளை மட்டும் நம்பாமல் தாளைக் கேக்கச் சொல்லுறன்.

வரி எவ்வளவு எண்டு கேக்கப் போறியள் எண்டு தெரியும். கஸ்டம்ஸ் டியூட்டி, செஸ், துறைமுக விமானநிலைய வரி, 2022 ஒக்டோபரில வந்த 2.5 வீத சமூகப் பாதுகாப்பு வரி, 2024 ஜனவரியில இருந்து 18 வீதமான வற் எண்டு அடுக்கு அடுக்கா இருக்கு, எந்த வரிசைக்கு எது விழும் எண்டது கோட்டைப் பொறுத்தது, வர்த்தமானியில இடையில மாறவும் செய்யும். சாமான் இறங்கிற காலத்தில உள்ள அட்டவணையைப் பார்த்துத்தான் விலை போடுங்கோ, போன வருசத்துக் கணக்கை வச்சு நத்தார் வியாபாரம் செய்யாதேங்கோ.

மல்லாவியைச் சேர்ந்த தங்கச்சி, கொழும்பில ஒரு சரக்குக் கொம்பனியில வேலை பழகுறா: இருபது வீதக் கணக்கு எண்டு ஒண்டு சொல்லித் தந்தவை, ஆனா ரோல்ஸ், பட்டீஸ், ஃப்ரைட் றைஸ் எண்டு வரேக்க எனக்குக் குழம்புது. கொஞ்சம் விளக்குவீங்களோ?

நல்ல கேள்வி தங்கச்சி, இதை விளங்கிக்கொண்டால் பதினாறாம் சாப்டரில பாதி முடிஞ்சுது.

பதினாறாம் சாப்டரின்ர ரெண்டாம் குறிப்பு. ஒரு சாப்பாட்டுத் தயாரிப்பில சொசேஜ், இறைச்சி, உள்ளுறுப்பு, இரத்தம், மீன், றால் நண்டு மாதிரிச் சாமான், இப்ப 2022 பதிப்பில இருந்து பூச்சியும் சேர்த்து, இதெல்லாம் கூட்டி நிறையில 20 வீதத்துக்கு மேல இருந்தால் அது இந்தச் சாப்டர். "மேல" எண்டதைக் கவனியுங்கோ, சரியா 20 எண்டால் வராது.

ஒரு பக்கற் எடுப்பம், சுட்டெடுத்து உறைய வச்ச 400 கிராம் பட்டீஸ். உள்ள பண்டி இறைச்சி 70 கிராம். வகுத்துப் பார்த்தால் 17.5 வீதம், அப்ப இறைச்சி இருந்தும் அது 1905, பேக்கரிச் சாமான். அதே பக்கற்றில 90 கிராம் எண்டால் 22.5 வீதம், 1602.49. இருபது கிராம் வித்தியாசம் சாப்டரையே மாத்திப் போடும். இப்ப இன்னொண்டு, பண்டி 50 கிராம், மீன் 40 கிராம். தனித்தனியாப் பார்த்தால் ரெண்டுமே 20 வீதம் தாண்டேல்லை, ஆனா குறிப்பு கூட்டிப் பார்க்கச் சொல்லுது, கூட்டினால் 90, தாண்டியிட்டுது. பிறகு எது கூட எண்டு பார்க்கிறது, பண்டி கூட, அப்ப 1602. மீன் 50 உம் பண்டி 40 உம் எண்டிருந்தால் 1604 க்குப் போயிருக்கும்.

ஃப்ரைட் றைஸும் இதே கணக்குத்தான், 20 தாண்டாட்டி 1904, தாண்டினால் 16 ஆம் சாப்டர்.

விதிவிலக்கு ரெண்டு மூண்டு இருக்கு, பரீட்சையிலயும் வேலையிலயும் ஆக்களை விழுத்திறது அதுதான். இறைச்சி அடைச்ச பாஸ்ரா வகை, அதாவது மா உறைக்குள்ள பண்டி இறைச்சி வச்சு அவிக்கிற டம்ப்ளிங், ரவியோலி இதுகள், உள்ள இறைச்சி 40 வீதம் இருந்தாலும் 1902.20 இலதான் நிக்கும். சூப்பும் அதுக்கான தயாரிப்பும் 2104, சோஸ் 2103, இதுகளுக்கும் இருபது வீதக் கணக்குப் பொருந்தாது.

இன்னொண்டு, குழந்தைச் சாப்பாடு. நல்லா மசிச்சு, குழந்தைக்கோ பத்தியக்காரருக்கோ எண்டு 250 கிராமுக்கு மேற்படாத போத்தலில சில்லறை விற்பனைக்கு வந்தால் 1602.10, எந்த மிருகத்தின்ர இறைச்சி எண்டதைப் பார்க்க முதலே அந்த வரிசை முந்திக்கொள்ளும்.

ஒரு யோசனை, வேலையில சேர்ந்த புதுசில இப்பிடியான பக்கற்றுகளைக் கடையில கையில எடுத்து பின்பக்கத்தில இருக்கிற வீதத்தைப் பார்த்து மனசுக்குள்ள கோட் போட்டுப் பழகுங்கோ. புத்தகத்தைப் பாடமாக்கிறதை விட அது கெதியா ஏறும்.

அதே தங்கச்சியின்ர ரெண்டாவது கேள்வி: உறைஞ்ச இறைச்சிக்குக் கொஞ்சம் உப்புத் தடவினால் 0203 இல இருந்து 0210 க்கு மாறிடுமோ?

இந்தக் கேள்விக்காக நாடுகள் உலக வர்த்தக அமைப்பு வரைக்கும் போய்ச் சண்டை பிடிச்சிருக்கு. அது கோழி, ஆனா விசயம் ஒண்டுதான். பிரேசிலும் தாய்லாந்தும் எலும்பில்லாத உறைஞ்ச கோழியில 1.2 இல இருந்து 3 வீதம் வரை உப்பேத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினது. உறைஞ்ச கோழி எண்டால் 100 கிலோவுக்கு 102.4 யூரோ வரி, உப்புப் போட்ட இறைச்சி எண்டால் பெறுமதியில 15.4 வீதம் மட்டும். ஐரோப்பா சொல்லிச்சுது, கனகாலம் கெடாமல் வைக்கிற அளவுக்கு உப்பு இல்லை, அதால இது உறைஞ்ச கோழிதான் எண்டு. 2005 செப்டெம்பரில மேன்முறையீட்டுக் குழு தீர்ப்புச் சொல்லிச்சுது, ஐரோப்பா அந்த அமைப்பில குடுத்த வரி வாக்குறுதியில "உப்புப் போட்டது" எண்ட சொல்லுக்கு அப்பிடி ஒரு நிபந்தனை இல்லை எண்டு. பிரேசிலும் தாய்லாந்தும் வெண்டிச்சினம்.

அதுக்காக இங்க ஒருத்தர் ஒரு பிடி உப்பைத் தூவிப்போட்டு 0210 எண்டு எழுதேலாது. அந்த வழக்கில உப்பு இறைச்சி முழுக்க சீரா ஏறியிருந்தது. மேலால தூவினதையும் உள்ளுக்க ஏறினதையும் ஆய்வுகூடம் பிரிச்சுக் காட்டிடும்.

புதுக்குடியிருப்பு அம்மா ஒருவர்: மகன் பாரிஸில இருக்கிறான், காய்ஞ்ச சொசேஜும் ஈரல் பேஸ்ற் ரின்னும் பெட்டியில போட்டு அனுப்பப் போறானாம். எங்களுக்கு எந்த நம்பர் எண்டு தெரிய வேண்டாம் ஐயா, வந்து சேருமோ எண்டு மட்டும் சொல்லுங்கோ.

அனுப்ப வேண்டாம் எண்டு மகனிட்ட சொல்லுங்கோ அம்மா.

நம்பர் சொல்லுறதெண்டால் காய்ஞ்ச சொசேஜ் 1601, ஈரல் பேஸ்ற் எந்த மிருகத்தின்ர எண்டாலும் 1602.20. ஆனா இறைச்சிச் சாமான் நாட்டுக்குள்ள வாறதுக்கு கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின்ர அனுமதி வேணும், 1992 ஆம் ஆண்டு 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்துக்குக் கீழ. வீட்டுப் பெட்டிக்குள்ள பிஸ்கற்றோடயும் உடுப்போடயும் வாறதுக்கு ஆர் அனுமதி எடுக்கப் போறது? எடுத்து எறிஞ்சு போடுவினம், சில நேரம் முழுப்பெட்டியும் சுணங்கும்.

இது சும்மா கெடுபிடி இல்லை. 2024 கடைசியில இலங்கைக்குள்ள ஆபிரிக்கப் பண்டிக் காய்ச்சல் வந்து பண்ணை பண்ணையாப் பண்டியள் செத்தது ஞாபகம் இருக்கும். அந்த வைரஸ் மனுசருக்குத் தொத்தாது, ஆனா பண்டிக்கு மருந்து இல்லை. சமைக்காமல் உப்புப் போட்டுக் காய வச்ச இறைச்சிக்குள்ள மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். பெட்டியில வந்த சொசேஜில ஒரு மிச்சத்துண்டு கழிவுச் சாப்பாட்டு வாளிக்குள்ள போய், அந்த வாளி விசுவமடுப் பக்கம் ஒரு பண்டிக் கூட்டுக்குப் போனால் காணும். உங்கட மகன் அப்பிடி நினைச்சு அனுப்பப் போறதில்லை, ஆனா அது நடக்கிறது இப்பிடித்தான். சொக்லேற் அனுப்பச் சொல்லுங்கோ அம்மா.

மடுப் பக்கத்தில இருந்து ஒரு வாசகர்: காட்டுப்பண்டி வத்தலுக்கும் நம்பர் இருக்கோ? ஜேர்மனியில இருக்கிற தங்கச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறா.

இருக்கு. எச்.எஸ். இல பண்டி எண்டால் வீட்டுப்பண்டியும் காட்டுப்பண்டியும் சேர்த்துத்தான். எங்கட பக்கம் செய்யிற மாதிரி இறைச்சியை நீட்டு நீட்டா வார்ந்து, உப்பும் மஞ்சளும் பிரட்டி, கம்பியில கோத்து வெயிலில விட்டு, பிறகு அடுப்புக்கு மேல புகையில தொங்கவிட்டு எடுத்தால், உப்பு, வெயில், புகை மூண்டுமே ரெண்டாம் சாப்டர் சொல்லுற முறையள், எலும்பில்லாத வார் எண்டால் 0210.19. மஞ்சள் பிரட்டினதால சுவைச்சரக்குப் பூசினது எண்டு 1602 க்குத் தள்ளிவிடலாமோ எண்டு ஒரு கேள்வி வரும். ஐரோப்பிய ஒன்றியம் தன்ர அட்டவணையில இதுக்கு ஒரு மேலதிகக் குறிப்பே வச்சிருக்கு, பதப்படுத்தேக்க சரக்குச் சேர்த்தாலும் 0210 இன்ர தன்மை மாறாட்டி 0210 இலயே நிக்கும் எண்டு. என்ர எண்ணமும் அதுதான், மஞ்சள் தூள் பிரட்டினாலும் வத்தல் வத்தல்தான். மிளகாய்த்தூளும் மிளகும் போட்டுப் பொரிச்சு அடைச்சால் அது வேற கதை, 1602.49.

ஆனா அண்ணை, நம்பர் இருக்கு எண்டதும் அனுப்பலாம் எண்டதும் ரெண்டு விசயம். ஐரோப்பிய ஒன்றியம் எங்கட நாடு மாதிரி வெளி நாடுகளில இருந்து தனியாள் பொதியில இறைச்சியை விடுறதே இல்லை, பைக்குள்ள கொண்டு போனாலும் பறிப்பினம். அதோட காட்டு மிருக இறைச்சிக்கு இங்கயே வனசீவராசிகள் சட்டம் இருக்கு. தங்கச்சி வரேக்க மடுவில வச்சு ஒரு கறி வைச்சுக் குடுங்கோ.

வவுனியா வாசகர் ஒருவர்: நாங்கள் பண்டி சாப்பிடுறதில்லை. சாமானில பண்டி இருக்கோ எண்டு கஸ்டம்ஸ் நம்பரை வச்சுக் கண்டுபிடிக்கலாமோ?

ஆறு இலக்கத்தை மட்டும் நம்பாதேங்கோ. 0203, 1602.41 மாதிரி வரிசையளில பண்டி எண்டு தெளிவா எழுதிக் கிடக்கு. ஆனா 1601 எண்டால் சொசேஜ், கோழியும் அதுதான், மாடும் அதுதான், பண்டியும் அதுதான். கோழிச் சொசேஜையே பண்டிக் குடலுக்குள்ள அடைச்சும் செய்யிறவை. ஜெலற்றின் 3503, மாட்டுத் தோலில எடுத்தாலும் பண்டித் தோலில எடுத்தாலும் மீனில எடுத்தாலும். இனிப்பு, மாத்திரைக் கூடு இதுகளில வாற ஜெலற்றினை நம்பர் காட்டிக் குடுக்காது. உங்களுக்கு இது நம்பிக்கை சம்பந்தமான விசயம், அதால சேர்மானப் பட்டியலையும் ஹலால் சான்றிதழையும் பாருங்கோ, சந்தேகம் எண்டால் கொம்பனியிட்ட எழுத்தில கேளுங்கோ.

தருமபுரத்தில பண்டிப் பண்ணை வச்சிருக்கிற ஒருவர்: இறைச்சியைத் தவிர கொழுப்பு, குடல், இரத்தம், மயிர் எல்லாம் வீணாப் போகுது. இதுகளை வெளியில விக்கலாம் எண்டு சொல்லுகினம், எந்த எந்த நம்பரில போகும்?

உங்கட கேள்வி எனக்குப் பிடிச்சுது. ஒரு பண்டியை முழுக்கப் பயன்படுத்த நினைக்கிற ஆள்தான் பண்ணையில நிண்டு பிடிப்பார்.

உயிரோட எண்டால் 0103, அதில நல்ல சாதி இனவிருத்திப் பண்டி 0103.10, மற்றதுகள் 50 கிலோவுக்குக் கீழ 0103.91, 50 உம் மேலயும் 0103.92. ஈரல், இருதயம், நாக்கு மாதிரிச் சாப்பிடுற உள்ளுறுப்பு 0206, உறைஞ்ச ஈரல் தனியா 0206.41. சதை ஒட்டாத முதுகுக் கொழுப்பு உருக்காமல் எண்டால், பச்சையோ உப்புப் போட்டதோ, 0209.10. அதை உருக்கி எடுத்த பண்டிக் கொழுப்பு 1501.10. உருக்கிறதுக்கு முன்னும் பின்னும் சாப்டரே மாறுது பாருங்கோ, ரெண்டில இருந்து பதினைஞ்சுக்கு.

குடல், இரைப்பை, மூத்திரப்பை, கழுவி உப்புப் போட்டு வச்சாலும் 0504. சொசேஜ் செய்யிற ஆக்கள் தேடுறது இதைத்தான், ஆனா குடலைச் சுரண்டி, அளவு பிரிச்சு, உப்புப் போட்டு, வாளியில அடைக்கிற வேலை நுணுக்கமானது, சுத்தம் இல்லாட்டி ஒருத்தரும் வாங்கார். இரத்தம் தண்ணியாவோ காய வச்சோ எண்டால் 0511, இரத்தத்தில செய்த சொசேஜ் 1601, வேற இரத்தத் தயாரிப்பு 1602.90. முதுகு மயிர் 0502, தூரிகை செய்யிற ஆக்களுக்கு. தோல் பதனிடப் போற பச்சைத்தோல் 4103.30. தோலை மொறுமொறு எண்டு பொரிச்சுப் பக்கற்றில அடைச்சால் 1602.49. நாய்ப் பூனைச் சாப்பாடாச் செய்து சில்லறைப் பக்கற்றில போட்டால் 2309.10.

ஆனா வெளியில விக்கிறதுக்கு நம்பர் கடைசிப் படி. முதல் உங்கட பிரதேச மிருக வைத்தியரிட்டப் போங்கோ. பண்டிக் காய்ச்சல் வந்த நாட்டில இருந்து வாற பண்டிச் சாமானுக்கு வாங்கிற நாடுகள் கடுமையான நிபந்தனை வைக்கிறது வழமை, சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் ஒரு கிலோ குடலும் போகாது. மாலைதீவு கிட்ட எண்டு நினைச்சு ஆரும் ஆசை காட்டினால், அங்க பண்டிச் சாமான் கட்டுப்படுத்தின பொருள், விசேச அனுமதி இல்லாமல் இறக்கேலாது. இப்போதைக்கு உருக்கின கொழுப்பையும் நல்லாச் சுத்தம் செய்த குடலையும் உள்நாட்டிலயே சொசேஜ் செய்யிற இடங்களுக்குக் குடுக்கப் பாருங்கோ, அதுக்கு எச்.எஸ். நம்பரும் வேண்டாம்.

முள்ளியவளையில இருந்து ஒருவர்: நத்தார் பரிசுக் கூடை ஒண்டா இறக்கினால், அதுக்குள்ள ஹாம் ரின், சொசேஜ் ரின், சீஸ், கேக் எல்லாம் இருந்தால், ஒரே நம்பர் போடலாம்தானே?

இல்லை. ஒரு கூடைக்குள்ள இருந்தாலும் "செற்" எண்டு எடுக்கிறதுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே தேவைக்குப் பயன்பட வேணும். உலக சுங்க அமைப்பின்ர விளக்கக் குறிப்பில கிட்டத்தட்ட உங்கட கூடையையே உதாரணமாப் போட்டிருக்கு, றால் ரின், ஈரல் பேஸ்ற் ரின், சீஸ் ரின், வெட்டின பேக்கன் ரின், சின்னச் சொசேஜ் ரின் எல்லாம் ஒண்டா அடைச்சு வந்தாலும் தனித்தனியா வகைப்படுத்தச் சொல்லி. ஆக ஒவ்வொண்டுக்கும் தனி வரி, தனிப் பெறுமதி. கூடையின்ர மொத்த விலையை மட்டும் இன்வொய்ஸில போட்டு வந்தால் பிரிக்கேலாமல் நிப்பியள், விக்கிற ஆளிட்ட உருப்படி உருப்படியா விலை பிரிச்சுத் தரச் சொல்லுங்கோ.

பரந்தனில இருந்து ஒருவர்: நாங்கள் ஒரு நம்பர் சொல்ல, கஸ்டம்ஸ் வேற நம்பர் சொன்னால் என்ன செய்யிறது? சாமான் ஃப்ரீசரில கிடக்க வாடகை ஏறுமே.

அதுக்குத்தான் சாமான் கப்பலேற முதலே கேக்கிற வழி இருக்கு. முன்கூட்டிய தீர்மானம் எண்டு சுங்கத் திணைக்களத்திட்ட எழுத்தில விண்ணப்பிக்கலாம், மாதிரி, சேர்மான வீதம், தயாரிப்பு முறைத் தாள், லேபிள் படம் எல்லாம் வச்சு. உலக வர்த்தக அமைப்பின்ர வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையை இலங்கை 2016 இல ஏற்றதோட இந்த வழியைத் திறந்து வைக்க வேண்டிய கடமையும் வந்தது. அந்தத் தாள் கையில இருந்தால் இறங்கிற இடத்தில வாதாடத் தேவையில்லை.

அது இல்லாமல் சாமான் வந்து தகராறு எண்டால், கோபப்படாமல் எந்தக் குறிப்பின் கீழ, எந்த விளக்கத்தின் கீழ மாத்தினம் எண்டு எழுத்தில தரச் சொல்லிக் கேளுங்கோ. மாதிரி எடுக்கேக்க நீங்களோ உங்கட ஏஜென்ற்றோ பக்கத்தில நில்லுங்கோ, சீல் வச்ச ரெண்டாவது மாதிரி ஒண்டு வைக்கச் சொல்லிக் கேளுங்கோ. பிணையோ வைப்புப் பணமோ கட்டி சாமானை எடுத்துக்கொண்டு, நம்பர் விசயத்தைப் பிறகு தீர்க்க விடுவினமோ எண்டும் கேட்டுப் பாருங்கோ, பழுதாகிற சாமானுக்கு அது முக்கியம், ஏ9 ஆல ஃப்ரீசர் லொறி வாறதுக்கும் நேரம் வேணும்தானே.

இன்னொண்டு, பழைய கோட்டை அப்பிடியே பார்த்து எழுதாதேங்கோ. இப்ப உலகத்தில ஓடுறது 2022 பதிப்பு, அடுத்தது 2028 ஜனவரி 1 இல வருது. உங்கட கணினியில சேமிச்சு வச்சிருக்கிற பழைய பிரகடனத்தில இருக்கிற எட்டு இலக்கம் இப்பவும் உயிரோட இருக்கோ எண்டு ஒவ்வொரு முறையும் ஒருக்கால் பாருங்கோ.